பெரட்டில் தொடங்க வேண்டிய பயிற்சி

நெகிரி செம்பிலான் தோட்ட அலுவலகங்களும் செயற்கை நுண்ணறிவும்

தோட்டத் தொழிலில் செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் செம்பனைக்கு மேலே பறக்கும் ட்ரோன்களும் குலை வெட்டும் இயந்திரக் கைகளுமே முன்னிறுத்தப்படுகின்றன. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் உலகெங்கும் அலுவலக வேலையைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ‘ஜெனரேட்டிவ் ஏஐ’, அதாவது ஆக்கத்திறன் செயற்கை நுண்ணறிவு, வெட்டவும் சுமக்கவும் அறியாது. எழுதுவது, சுருக்குவது, மொழிபெயர்ப்பது, அட்டவணையிடுவது, கேட்ட கேள்விக்குப் பதில் தொகுப்பது ஆகியவையே அதற்குக் கைவந்த கலைகள். ஆகவே ரந்தாவ், லாபு, சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ், ஜெம்போல் வட்டாரத் தோட்டங்களில் நீண்ட கழியின் நுனியில் அரிவாள் பூட்டிக் குலை வெட்டும் தொழிலாளியை எட்டுவதற்கு வெகு முன்பே, அது கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரின் மேசையையும் மண்டோர் எனப்படும் களக் கண்காணியின் குறிப்பேட்டையும் உதவி நிர்வாகியின் மாத அறிக்கையையும் எட்டிவிடும்.

இக்கருவிகளின் உள்ளே இயங்குவது பெருமொழி மாதிரி எனப்படும் கணினி அமைப்பு. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதை நிகழ்தகவாகக் கற்றுக்கொண்டு, அந்தக் கற்றலின் பலத்தில் புதிய வாசகங்களை அது ஆக்கித் தருகிறது. குலையின் படத்தைப் பார்த்துப் பழமா காயா என்று சொல்லும் மென்பொருளும் செயற்கை நுண்ணறிவுதான் என்றாலும் அது வகைப்படுத்தும் கருவி. பத்துப் பழங்களாவது உதிர்ந்த குழிகள் தெரிந்தால்தான் குலை பழுத்தது என்று மலேசியச் செம்பனை வாரியம் வகுத்திருக்கும் அளவுகோலைக் கொண்டு அதன் விடையை எவரும் நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிடலாம். ஆக்கத்திறன் கருவியின் விடை அவ்வளவு எளிதில் பிடிபடாது. நடையில் குறையற்றதாகவும் பொருளில் பிழையானதாகவும் உள்ள வாக்கியத்தை அது சற்றும் தயங்காமல் எழுதித் தரும் என்பதால், அதைச் சரிபார்ப்பவர் அந்த வேலையை முன்பே அறிந்தவராக இருந்தாக வேண்டும். தோட்டத்தில் அந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டு, அவர்களிடமிருந்தே ஊழியர்களை ஆயத்தப்படுத்தும் முயற்சி தொடங்க வேண்டும். கருவியை வாங்கிவிட்டுப் பிறகு ஆள் தேடுவது தலைகீழான வேலை.

காகிதம் பெருகிய கதை

தோட்டத்தின் நாள் பெரட்டில் பிறக்கிறது. விடியுமுன் தொழிலாளர்கள் கூடி, பெயர் கூப்பிடப்பட்டு, யார் எந்த நிரைக்கு, யார் மருந்தடிக்க, யார் உரம் போட என்று பிரித்தனுப்பப்படும் அந்தக் கூட்டத்தில் மண்டோர் குறித்துக்கொள்ளும் வருகை, பின்னர் செக்ரோல் என்னும் வருகை-கூலி ஏட்டில் ஏறி, மாத முடிவில் சம்பளமாகிறது. அந்த ஒரு பதிவோடு வேலை நிற்பதில்லை. வெட்டிய குலைகளின் எண்ணிக்கை, பொறுக்கிய உதிரிப் பழம், லாரியின் எடைச் சீட்டு, ஆலை வாசலில் தரம் பிரித்த குறிப்பு, ஸ்டோரிலிருந்து வெளியேறிய உரமும் களைக்கொல்லியும், பதினேழாம் மட்டையின் இலையை எடுத்துச் செய்யப்படும் சத்துச் சோதனையின் முடிவு, பழுக்காத கருங்குலைகளை எண்ணி வரும் மாதங்களின் விளைச்சலை முன்கூட்டிக் கணிக்கும் கணக்கு, விபத்து அறிக்கை, குறைகேட்புப் பதிவு, தலைமை அலுவலகத்துக்குப் போகும் மாத அறிக்கை என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எழுத்து வேலைகளின் தொடர் அது.

இந்த எழுத்து வேலை அண்மை ஆண்டுகளில் பல மடங்கு கனத்திருப்பதற்குத் தோட்டத்துக்கு வெளியே நடந்த முடிவுகளே காரணம். மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அச்சான்றிதழுக்கான தணிக்கை, களத்தில் நடந்தது எதையும் ஏட்டில் காட்டச் சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் தடை விதித்து, 2023 பிப்ரவரியில் அதை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் சம்பளச் சீட்டு, கடப்பிதழை யார் வைத்திருப்பது, தங்குமிடம், குறைகேட்பு ஆகியவற்றின் பதிவுகள் எவ்வளவு முக்கியமானவை என்பதைத் தோட்டத் துறை முழுவதுமே உணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதியோ, 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்பதற்கு நிலத்தின் புவியிருப்பிடக் குறிப்போடு சான்று கேட்கிறது. அதன் அமலாக்கம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனாலும் ஆவணத் தயாரிப்பு தள்ளிப்போகவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட் ஆனதால், எடைக்கும் குலைக்கும் கூலி பெறுவோரின் மாத வருமானம் அந்த வரம்பை எட்டியதா என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். அந்நியத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து கட்டாயமானது. இவை அனைத்தும் நியாயமான ஏற்பாடுகள்தான். ஆனால் இவற்றின் எழுத்து வேலை முழுவதும் வந்து குவியும் இடம் ஒன்றே, அது கிராணியின் மேசை.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, உலகின் தொழில் வகைகளில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகுதியும் ஆட்படுவது எழுத்தர் வேலையே என்று கண்டது. எழுத்தர்களின் பணிக்கூறுகளில் 24 விழுக்காடு பெரிய அளவிலும், மேலும் 58 விழுக்காடு நடுத்தர அளவிலும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை என்று அது மதிப்பிட்டது. பெரும்பாலான தொழில்களில் வேலை முற்றாக மறைவதைவிட வேலையின் உள்ளடக்கம் மாறுவதே நிகழும் என்றும் அவ்வறிக்கை கூறியது. எனினும், மாறுவது எந்தத் திசையில் என்பதை எந்தக் கருவியும் தீர்மானிப்பதில்லை. அதைத் தோட்ட நிர்வாகமும் ஊழியர்களும் சேர்ந்தோ சேராமலோ தீர்மானிக்கிறார்கள்.

தமிழர் எஞ்சியிருக்கும் அடுக்கு

நெகிரி செம்பிலானின் தமிழ்ச் சமூகத்துக்கு இந்த மாற்றம் வெறும் நிர்வாகச் சிக்கலாக இல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. காப்பியில் தொடங்கி ரப்பரில் தழைத்த இம்மாநிலத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டபோதும், தோட்ட லயங்களை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தபோதும், களவேலையிலிருந்து படிப்படியாக விலகினர். அவ்விடத்தை இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாள, இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பி வருகின்றனர். ஆனால் கிராணி, கண்டக்டர் எனப்படும் கள மேற்பார்வையாளர், மண்டோர், ஸ்டோர் பொறுப்பாளர், தோட்ட மருத்துவ உதவியாளர், எடைமேடை எழுத்தர், ஓட்டுநர் ஆகிய நடு அடுக்கில் தமிழர்களை இன்னும் பரவலாகக் காணலாம். அதாவது, தோட்டத் தொழிலில் தமிழர் எஞ்சியிருக்கும் அடுக்கும் ஆக்கத்திறன் கருவிகள் வந்து தொடும் அடுக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இந்தப் பொருத்தத்தைத் தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் இதுவரை போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த நடு அடுக்கை வெறும் எழுத்து வேலையாகக் காண்பது பெரும் பிழையாகும். ஒரு நிரையில் சென்ற சுற்றில் எட்டுக் குலை என்றும் இந்தச் சுற்றில் பதினாறு என்றும் ஏட்டில் ஏறினால், அது விளைச்சலின் பெருக்கமா, முந்தைய சுற்றில் வெட்டாமல் விட்டதா, எண்ணிக்கையில் செய்த விளையாட்டா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் அங்கே பத்து ஆண்டுகள் பெரட்டில் நின்ற மண்டோர். எந்த ஏட்டிலும் இல்லாத அந்த அறிவை எந்த மாதிரியும் படித்திருக்க முடியாது. பெரட்டு, தண்டல், செக்ரோல், நிரை போன்ற தோட்ட வழக்குகளைக்கூடப் பொதுக் கருவிகள் சரியாக அறியா. தென்கிழக்காசிய மொழிகளுக்கென உருவாக்கப்பட்ட சிங்கப்பூரின் சீ-லயன் மாதிரி தமிழையும் மலாயையும் இந்தோனேசிய மொழியையும் உள்ளடக்கியது என்பதும், ஒய்டிஎல் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய இல்மு மாதிரி மலேசியச் சூழலை முன்வைத்து ஆக்கப்பட்டது என்பதும் நம்பிக்கையளிக்கும் செய்திகளே எனினும், தோட்டத்தின் பேச்சைத் தோட்டத்தாரே அவற்றுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

வண்டும் பால் எடையும்

தோட்ட வேலை திருத்தி அமைக்கப்படுவது இது முதல் முறையன்று. முந்தைய மாற்றங்களில் இரண்டு இன்றைய சூழலுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் வண்டு மட்டும் உடன் வரவில்லை. அதனால் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில், இளமரங்களின் பெண்பூக்களுக்கு, முகப்பொடி போன்ற தூளில் கலந்த மகரந்தத்தைத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் தூவி வந்தனர். ஜோகூரின் குளுவாங்கில் உள்ள பாமோல் தோட்டத்தில் லெஸ்லி டேவிட்சன் முன்னெடுத்த முயற்சியில், பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் ஆய்ந்து தேர்ந்த கேமரூன் நாட்டு வண்டு 1981 பிப்ரவரியில் வெளியே விடப்பட்டது. வெகு விரைவில் தீபகற்பம் முழுவதும் அது பரவியதும், கையால் மகரந்தம் தூவுவது என்ற வேலையே தோட்டங்களிலிருந்து மறைந்தது. ஒரு முழு வேலை இவ்வளவு சுத்தமாக இல்லாமல் போனதற்குத் தோட்ட வரலாற்றில் இணை அரிது. எனினும், காய் பிடிப்பு கூடியதால் குலை கனத்தது, கனத்த குலையை வெட்டவும் சுமக்கவும் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. வேலை இடம் மாறியது, உழைப்பு மாறிய இடத்தில் கடினமானது. மாற்றத்தின் ஆதாயம் எண்ணெய்க் கணக்கில் உடனடியாகத் தெரிந்தது. சுமையின் கணக்கை எவரும் தனியாக எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது, ரப்பர் காலத்தின் எடைமேடை. மரம் சீவுபவர் கொண்டுவரும் பாலில் எவ்வளவு உண்மையான ரப்பர், எவ்வளவு நீர் என்பதை ‘மெட்ரோலாக்’ என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு அளந்து, அந்த உலர் ரப்பர் விகிதத்தின்படி கூலி கணக்கிடப்பட்டது. அளவைப் படிப்பவரும் அதை ஏட்டில் எழுதுபவரும் தோட்ட ஊழியர், வாங்கிக்கொள்பவர் தொழிலாளி. கருவி சரியாகவே இருந்தாலும், தமக்கு விளங்காத எண்ணால் தம் கூலி தீர்மானிக்கப்படுகிறது என்ற மனக்குறை தொழிலாளர்களிடம் ஆறாமல் இருந்தது. நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டுவதில் முன்நின்று, பின்னர் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் முதன்மையானவராக விளங்கிய பி.பி. நாராயணனின் காலத்துச் சங்க வேலையில், அளவும் பதிவும் பற்றிய இத்தகைய வழக்குகள் சிறு பங்கல்ல. எண்ணை யார் எடுக்கிறார், யார் எழுதுகிறார், யார் அதைக் கேள்வி கேட்கலாம் என்ற அந்தப் பழைய வினாவே, ஏஐ தொகுத்துத் தரும் அறிக்கையின் முன்னும் அப்படியே நிற்கிறது.

வேலையைக் கூறுபோடுதல்

வேலையைத் திருத்தி அமைப்பது என்றால், ஒரு பதவியை முழுதாக எடுத்துக்கொண்டு அது இருக்குமா போகுமா என்று விவாதிப்பதல்ல. பதவி பல பணிக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறையும் பிரித்தெடுத்து, அதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் யார், பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார், பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர் யார் என்று கேட்டு, அதன்பின் கருவிக்கு எதை விடுவது என்று முடிவெடுப்பதே முறை. மாத அறிக்கையின் முன்வரைவை, ஏற்கனவே உள்ள எண்களைத் தந்து எழுதச் சொல்வதில் பெரிய ஆபத்தில்லை. எண் தவறினால் தலைமை அலுவலகமே திருப்பி அனுப்பும். தணிக்கைக்குரிய ஆவணப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, கடிதங்களை மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது, கருங்குலைக் கணக்கைக் கடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டு முரண்களைச் சுட்டச் சொல்வது ஆகியவற்றையும் அதே வரிசையில் வைக்கலாம்.

விபத்து அறிக்கை வேறு வகை. 2004ஆம் ஆண்டின் விபத்து அறிவிப்பு ஒழுங்குமுறைகளின்படி குறிப்பிட்ட வகைப் பணியிட விபத்துகளைப் பற்றித் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு ஏழு நாட்களுக்குள் முறைப்படி அறிக்கை அளிக்கப்பட வேண்டும். மட்டை விழுந்து தோளில் காயம்பட்ட ஒரு நேப்பாளத் தொழிலாளி தம் அரைகுறை மலாயில் மண்டோரிடம் சொன்னதை, மண்டோர் தமிழில் கிராணியிடம் சொல்ல, கிராணி அதை ஆங்கிலத்தில் எழுதுவது இன்றைய வழி. இந்தக் கைமாற்றங்களின் இடையே ஏஐ-யை வைத்தால் அறிக்கை சீராக இருக்கும். ஆனால் சீராக எழுதுவதற்காக, எவரும் சொல்லாத ஒன்றை, தலைக்கவசம் அணிந்திருந்தார் என்றோ எச்சரிக்கப்பட்டிருந்தார் என்றோ, இடைவெளியை நிரப்பும் தன் இயல்பால் அது சேர்த்துவிடக்கூடும். அந்த ஒரு வாக்கியம் இழப்பீட்டையே மாற்றவல்லது. ஆகவே இந்த வேலையைத் திருத்தி அமைக்கும்போது, காயம்பட்டவர் தம் மொழியில் பேசியது ஒலிப்பதிவாக அறிக்கையோடு நிலைத்திருப்பதும், எழுதி முடித்தது அவர் மொழியிலேயே அவருக்குப் படித்துக் காட்டப்படுவதும், மருத்துவ உதவியாளரின் ஒப்பம் பெறுவதும் முறையின் பகுதிகளாக வேண்டும். இவற்றில் முதல் இரண்டையும் செய்வதற்கு அதே கருவி பெரிதும் உதவும் என்பதுதான் இதிலுள்ள நல்ல செய்தி. பழைய முறையில் தொழிலாளி தம் பெயரில் எழுதப்பட்டதைக் கேட்கவே வாய்ப்பிருக்கவில்லை.

மருந்தடிக்கும் வேலையின் கட்டளைகளும் இதே கவனத்தைக் கேட்பவை. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பிறகும், கலவை அளவும் பாதுகாப்பு உடையும் தவறினால் தீங்கு செய்யும் மருந்துகள் ஸ்டோரில் இருக்கவே செய்கின்றன. 2013ஆம் ஆண்டின் இரசாயன ஒழுங்குமுறைகள் பாதுகாப்புத் தரவுத் தாள்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் கோருகின்றன. மருந்துத் தொட்டியை முதுகில் சுமப்பவரோ வங்காளமோ நேப்பாளியோ பேசுபவராக இருக்கலாம். பெரட்டில் நின்று கைப்பேசியில் கட்டளையைச் சொல்லி அந்தந்த மொழியில் ஒலிக்கச் செய்வது இன்று கைகூடும் காரியம். அதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அளவு, கலக்கும் வரிசை, எப்போது நிறுத்துவது ஆகிய வாசகங்களை அன்றன்று கருவியை ஆக்கவிடாமல், அம்மொழி அறிந்த தொழிலாளர் கேட்டுத் திருத்திய நிலையான வாசகங்களாக வைத்துக்கொண்டு, மற்ற பேச்சுக்கு மட்டும் கருவியைப் பயன்படுத்துவது அறிவுடைய ஏற்பாடு. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணமுள்ள தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தருகிறது; தமக்குப் புரியாத மொழியில் அந்த உரிமை இருப்பது இல்லாததற்குச் சமம்.

எந்த வேலையைக் கருவிக்கு விடுவது என்பதில் ஊகத்துக்கு மாறாக நம்பத் தகுந்த சில சான்றுகளும் உண்டு. எரிக் பிரின்யோல்ப்சனும் உடனாய்வாளர்களும் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், கருவியின் துணையால் உற்பத்தித்திறன் சராசரியாக 14 விழுக்காடும், அனுபவம் குறைந்தவர்களிடம் 34 விழுக்காடும் உயர்ந்தது. பழுத்த அனுபவசாலிகளுக்கு ஆதாயம் சொற்பம். போஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களிடம் 2023-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், கருவிக்கு உகந்த பணிகளில் வேகமும் தரமும் கூடின. அதன் எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு பணியில், கருவியைப் பயன்படுத்தியோர் சரியான விடை தரும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. தோட்டத்துக்கு இவற்றிலிருந்து கிடைப்பது இதுவே: புதிதாகச் சேர்ந்த உதவி எழுத்தர் விரைவில் தேறிவிடுவார், ஆனால் அவர் தரும் நேர்த்தியான தாளில் பிழையைக் காணப் பெரிய கிராணியும் மண்டோரும் அருகில் இருக்க வேண்டும். அனுபவசாலியை முதலில் வீட்டுக்கு அனுப்பும் சிக்கனம், பிழை காணும் கண்ணையே விற்றுவிடும் சிக்கனமாகும்.

மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதும் வேலையமைப்பின் பகுதியே. நூறு டன் குலையிலிருந்து ஏறத்தாழ இருபது டன் எண்ணெய் கிடைக்கும் ஆலையில், எண்ணெய் மிகுந்த உதிரிப் பழம் நிரையில் கிடந்து அழுகுவது நேரடி இழப்பு. கண்டக்டரும் மண்டோரும் அலுவலகத் தாளிலிருந்து விடுபட்டு நிரையில் நடக்கும் நேரம் கூடினால், அந்த இழப்பு குறையும், வெட்டாமல் விட்ட குலை கண்ணில்படும், தொழிலாளியின் குறையும் காதில் விழும். கருவியின் ஆதாயத்தை எழுத்தர் எண்ணிக்கையில் தேடும் நிர்வாகம் சில ஆயிரம் ரிங்கிட்டை மிச்சப்படுத்தும். நிரையில் தேடும் நிர்வாகம் அதைவிடப் பெரியதைக் காணும்.

பயிற்சிக்குப் பணம் யாருக்கு

மலேசியாவில் பயிற்சிக்கான ஏற்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. 2001ஆம் ஆண்டின் மனிதவளச் சட்டத்தின் கீழ், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட முதலாளிகள் அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு வரியாகச் செலுத்தி, பின்னர் பயிற்சிச் செலவை அதிலிருந்து திரும்பப் பெறலாம். பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024 ஜனவரியில் தொடக்கிவைத்த ‘ஏஐ உந்துக் ராக்யாட்’ என்னும் இணையப் பாடம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகமும் தொடங்கப்பட்டது. ஆயினும் இந்த ஏற்பாடுகள் தோட்டத்தின் வடிவத்தோடு பொருந்துவதில்லை. வரியும் மானியமும் மலேசியக் குடிமக்களை மட்டுமே கணக்கில் கொள்வதால், களத்தில் பெரும்பான்மையாக உள்ள அந்நியத் தொழிலாளர்கள் பயிற்சிக் கணக்குக்கு வெளியே நிற்கின்றனர். பெரட்டில் ஒலிக்கும் மொழிபெயர்ப்பைக் கேட்பவரும் திருத்த வல்லவரும் அவரே என்றிருக்க, அவரை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி பாதி பயிற்சிதான். அரசின் திறனாளர் அமைப்பான டேலன்ட்கார்ப் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு, பத்துத் துறைகளில் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் வேலைகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பெருமளவு மாறும் என்றது. அந்தப் பத்துத் துறைகளில் தோட்டத் துறை இடம்பெறவில்லை.

பயிற்சி நடக்கும் விதத்திலும் திருத்தம் தேவை. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு கிராணியை அழைத்துச் சிரம்பான் விடுதி மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார வைத்துச் சான்றிதழ் தந்து அனுப்பும் பழக்கம், மென்பொருளைக் கற்பிக்கப் போதுமானதாக இருந்திருக்கலாம். வேலையைத் திருத்தி அமைக்க அது உதவாது. பணிக்கூறுகள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் மாற்றம் நிகழ வேண்டும் என்பதால், கற்கும் அலகு தனி ஊழியரன்று, டிவிசன் எனப்படும் ஒரு தோட்டப் பிரிவு; உதவி நிர்வாகி, கண்டக்டர், கிராணி, மண்டோர், மருத்துவ உதவியாளர், மருந்தடிக்கும் குழுவிலிருந்து ஒருவர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து, தங்கள் தோட்டத்தின் சென்ற மாத ஏடுகளையே பாடநூலாக வைத்துக் கற்க வேண்டும். கருவி எழுதியதில் பிழை காண்பதே அப்பயிற்சியின் முதல் பாடமாக இருப்பது நல்லது. கேள்வி கேட்கும் நுட்பத்தைப் பின்னர் கற்கலாம், அது எளிது. 1919 முதல் இயங்கிவரும் தோட்ட நிர்வாகிகளின் கழகமான ஐ.எஸ்.பி. தன் தேர்வுப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமளித்தால் துரைமார் மட்டத்திலும் இது வேர்பிடிக்கும். உடன் ஒரு எச்சரிக்கையும் அவசியம்: செக்ரோலில் இருப்பவை மனிதரின் பெயர், கடப்பிதழ் எண், சம்பளம், நோய் விவரம். அவற்றை இலவசப் பொதுக் கருவியில் ஒட்டுவது, 2024-இல் கடுமையாக்கப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தைச் சிக்கலில் மாட்டிவிடும். அதைச் செய்யும் கிராணிக்கு அது குற்றம் என்றே தெரியாதிருப்பதுதான் இப்போதைய நிலையின் ஆபத்து.

சட்டம் விட்டிருக்கும் இடைவெளி

இத்தனையையும் நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடலாமா என்றால், தோட்ட வரலாறு அதற்கு ஊக்கமளிக்கவில்லை. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, யாருக்கு எந்த வேலையை ஒதுக்குவது என்பதை முதலாளியின் உரிமையாகக் கருதி, கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைகளிலிருந்து நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. 2021-இல் நடப்புக்கு வந்த திருத்தம், அத்தகைய விவகாரங்களைப் பொதுத் தன்மையுள்ள கேள்விகளாகச் சங்கங்கள் எழுப்ப இடம் தந்திருக்கிறது. ஊழியர்களின் திறனையும் அறிவையும் வளர்க்கும் பயிற்சியைப் பற்றிய ஏற்பாட்டைக் கோரிக்கையில் சேர்க்கலாம் என்று அதே பிரிவு முன்பே அனுமதித்திருக்கிறது. இந்த வாயில் அதிகம் பயன்படுத்தப்படாத வாயில். வேலை போனால் கிடைப்பது என்ன என்பதும் தெரிந்ததே: 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு ஏடு எழுதிய ஒருவரை அந்தத் தொகையோடு அனுப்பிவிட்டால், அவரோடு போகும் தோட்ட அறிவுக்கு எந்த ஒழுங்குமுறையும் விலை நிர்ணயிப்பதில்லை.

காலமும் அதிகம் இல்லை. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 153,411 ஹெக்டர் பரப்பில் திட்டமிடப்பட்டுள்ள மலேசிய விஷன் பள்ளத்தாக்கு 2.0, தோட்ட நிலங்கள் பலவற்றைத் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாற்றும் போக்கைத் துரிதப்படுத்துகிறது. தோட்டங்கள் ஒன்றிணைக்கப்படும்போது அலுவலகங்களும் ஒன்றிணையும். அப்போது எத்தனை கிராணிகள் தேவை என்ற கணக்கைக் கருவியை முன்வைத்தே போடுவார்கள். அந்தக் கணக்கு போடப்படுவதற்கு முன்பாகவே வேலையை எப்படிப் பிரிப்பது என்று பேசியாக வேண்டும்.

ஆகவே தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவும், ஊழியர்களின் சங்கமான அமேசுவும், தொழிலாளர்களின் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், கருவிகளைப் புகுத்துமுன் அந்தந்த டிவிசனில் கூட்டாகப் பயிற்சி நடத்துவதையும், கருவி எழுதிய எந்தப் பதிவையும் சம்பந்தப்பட்டவர் தம் மொழியில் பார்த்து மறுக்கும் உரிமையையும் ஒப்பந்த வாசகமாகவே சேர்க்க வேண்டும். மனிதவள அமைச்சு பயிற்சி மானியத்தின் வாசலை அந்நியத் தொழிலாளர்களுக்கும் திறக்க வேண்டும். தோட்ட அலுவலகங்களில் பணிபுரியும் வாசகர்கள் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திராமல், வரும் கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி தங்கள் சங்கச் செயலாளருக்கு இப்போதே எழுதலாம்.